தட்டிக்கு அந்தப் பக்கம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊர். நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதற்குள் ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியர்கள். கிழக்கு ஓரம் ஒன்றும் இரண்டும், நடுவில் மூன்று, மேற்கு ஓரம் நான்கும் ஐந்தும். மூன்றாம் வகுப்புக்கும் என்னுடைய வகுப்புகளுக்கும் இடையில் ஒரு பனையோலைத் தட்டி இருந்தது. அது என் தோள் உயரத்துக்குக்கூட வராது. மற்ற பக்கம் கரும்பலகையைத் தாங்கிய மர ஸ்டாண்டுதான் எல்லை. மேற்கே வாய்ப்பாடு சொன்னால் கிழக்கே உட்கார்ந்திருக்கும் சின்னதுகளும் சேர்ந்து சொல்லும்.

ஆண்டாய்வுக்கு வரும் உதவித் தொடக்கக் கல்வி அலுவலரிடம் நாங்கள் ஒவ்வொரு வருடமும் கேட்டது சுவர்தான். 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த கரும்பலகைத் திட்டம் பல ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது அறையையும் இரண்டாவது ஆசிரியரையும் தந்திருந்தது. எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருந்ததால் அந்தப் பட்டியலில் நாங்கள் வரவில்லை. அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்த பிறகு காங்கிரீட் வகுப்பறைகள் எழும்பின. சுவர் வந்தது, கதவு வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாளும் வந்தது. ஊரே நின்று பார்த்தது, எங்களுக்கும் பெரிய சந்தோஷம்.

இன்று வேறொரு பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஓர் ஆசிரியர் இன்னொருவர் வகுப்பைப் பார்ப்பதற்கு இப்போது ஒரு திட்டம் வேண்டும், தேதி வேண்டும், செல்பேசியில் ஒரு செயலியும் அதில் நிரப்ப வேண்டிய கட்டங்களும் வேண்டும். நாங்கள் வருடக்கணக்காகத் தொல்லை என்று எழுதிக்கொடுத்த அந்தத் திறந்த கூடத்தில், யாரும் உத்தரவு போடாமலேயே, நாள் முழுக்க ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பாடம் நடத்த வந்தது அங்கேதான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவரை ஊரே ‘பெரிய டீச்சர்’ என்று கூப்பிடும். நான் சேர்ந்தபோது அவருக்கு ஓய்வுபெறச் சில வருடங்களே மீதி. பிள்ளைகள் முன்னால் என்னை ‘டீச்சர்’ என்றும், மத்தியானம் சத்துணவு முடிந்து வேப்பமரத்தடியில் உட்காரும்போது ‘ஏ பிள்ள’ என்றும் கூப்பிடுவார். அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க முனைந்ததில்லை. தன் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். என் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பயிற்சிப் பள்ளியிலும் வகுப்புகளைப் பார்த்தவள்தான். மாதிரிப் பாடம் என்று நடக்கும். துடைத்துவைத்த அறை, வண்ண அட்டைகள், முன்வரிசையில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். பின்னால் வரிசையாக உட்கார்ந்து ஆசிரியர் எப்படி ஆர்வமூட்டினார், கரும்பலகையை எப்படிப் பயன்படுத்தினார், எப்படித் தொகுத்துரைத்தார் என்று குறித்துக்கொள்வோம். எங்கள் கண் முழுக்க ஆசிரியர் மேல்தான் இருக்கும். டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் இதன் வேரைக் காட்டுகிறார். ஆசிரியராக வருகிறவர்கள் எல்லோரும் மாணவர்களாக இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தவர்கள். ஆனால் பெஞ்சில் இருந்து பார்ப்பவருக்கு ஆசிரியரின் குரலும் கையும்தான் தெரியும். இந்தக் கணக்கை ஏன் முதலில் போட்டார், அந்தப் பிள்ளையை ஏன் கேட்காமல் தாண்டிப்போனார் என்பது தெரியாது. அந்த முடிவுகள்தானே பாடம் நடத்துவது! நம்மில் பெரும்பாலோர் நமக்கு நடத்தியவர்களைப் போலவே நடத்தப் போய்விடுவதற்குக் காரணம் இதுவென்றே நான் நம்புகிறேன்.

பெரிய டீச்சர் வகுப்பில் ஒருநாள் கழித்தல். மூன்றாம் வகுப்பு. பலகையில் 52இலிருந்து 27. ஒரு பையன் சிலேட்டில் 35 என்று எழுதிக் கொண்டுவந்தான். மேலே இரண்டு, கீழே ஏழு. இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். இந்த வயதுப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் செய்யும். எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சிறியதை எடுத்துவிடும்.

அவர் அந்த விடையை அடிக்கவில்லை.

“எய்யா, உங்கிட்ட அம்பத்திரண்டு குச்சி இருந்துச்சு. இருபத்தேழ எனக்குக் குடுத்துட்ட. மிச்சம் முப்பத்தஞ்சுங்க. சரி, எங்கிட்ட உள்ளதையும் உங்கிட்ட உள்ளதையும் சேத்துப் பாரு.”

அவன் கூட்டினான். அறுபத்திரண்டு வந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“பத்துக் குச்சி எங்கருந்து வந்துச்சு?”

கேட்டுவிட்டு வேறு பிள்ளையிடம் போய்விட்டார். அந்தப் பையன் சிலேட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். என் வகுப்பில் இரண்டு பேர் சண்டை போட்டதைக்கூடக் கவனிக்காமல் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தானாகப் போய் மூலையில் இருந்த தகர டப்பாவை எடுத்தான். அதற்குள் மருந்து முக்காத தீக்குச்சிகள், பத்துப் பத்தாக நூல் போட்டுக் கட்டியவை. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசு இல்லாத ஊர் அபூர்வம், அந்தக் குச்சிக்குப் பஞ்சமில்லை. ஐந்து கட்டு, இரண்டு ஒற்றைக் குச்சி எடுத்து வைத்தான். ஏழு ஒற்றைக் குச்சி கொடுக்க வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம் ஒரு கட்டின் நூலைப் பிரித்தான்.

அவர் அப்போதுதான் திரும்பி வந்தார். சிலேட்டில் ஐந்தை அடித்து மேலே நான்கு போட வைத்தார், இரண்டுக்குப் பன்னிரண்டு. கை செய்ததை எழுத்தில் எப்படிக் குறிப்பது என்று காட்டியது மட்டுமே அவருடைய வேலையாக இருந்தது. மத்தியானம் கேட்டேன், தப்பு என்று சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று.

“தப்புன்னா அழிச்சிட்டு வேற ஏதாவது எழுதுவான், பிள்ள. பத்து கூடிப்போச்சுன்னு அவனுக்கே தெரிஞ்சா, எங்க கூடிச்சுன்னு தேடுவான்.”

அன்று நான் கண்டது இன்னொன்றும் உண்டு. பலகையில் அவர் அடுத்துப் போட்ட கணக்கு 61இலிருந்து 38. பழைய வழியிலேயே போகிற பிள்ளைக்கு 37 வரும், புரிந்த பிள்ளைக்கு 23 வரும். விடையைப் பார்த்தாலே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிகிற கணக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். புத்தகத்தில் அந்த வரிசையில் அது இல்லை. கணக்குப் போட வைப்பதற்கு முன்னால் கணக்கைத் தேர்வதில் இவ்வளவு யோசனை இருக்கிறது என்பதை எந்தப் பாடக்குறிப்பு ஏட்டிலும் நான் படித்திருக்கவில்லை.

அந்த ஊர்ப் பிள்ளைகள் பல வீடுகளில் ராத்திரி தீப்பெட்டி ஒட்டும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986லேயே வந்துவிட்டது. ஆனாலும் விளக்கு வெளிச்சத்தில் வீட்டில் நடப்பதை யார் பார்ப்பது? காலையில் கண் சொருகிக்கொண்டு வருவார்கள். பெருக்கல் என்றாலே வாய் திறக்காத ஒரு பெண், குரோசுக்கு 144 என்பதையும் மூன்று குரோசுக்கு எத்தனை என்பதையும் யோசிக்காமல் சொன்னாள். பெரிய டீச்சருக்கு அது தெரிந்திருந்தது. அவளைப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் இருந்து தொடங்க வைத்துப் பின்னோக்கி இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு அழைத்து வந்தார். எனக்குத் தெரிந்து வேறு யாரும் அப்படி நடத்தியதில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் அது பொருந்தும். வீட்டில் அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தவருக்கு மட்டும்தான் அது தோன்றும்.

எழுதப் பழக்கும்போது அவர் நோட்டைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரம் பிடித்தது. ‘கெ’ என்று எழுத நாம் கொம்பை முதலில் போடுகிறோம், பிறகு ககரம். ஆனால் பிள்ளை காதில் கேட்பது ககர ஒலி முதலில்தான். ஆகவே சில பிள்ளைகள் முதலில் ‘க’ எழுதிவிடும். பிறகு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து, முன்னால் இருக்கிற இடுக்கில் ஒரு கொம்பைச் செருகும். எழுதி முடித்த நோட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும், திருத்துகிறவர் சரி போட்டுவிடுவார். ஆனால் அந்தப் பிள்ளை வேகமாக எழுத வேண்டிய வகுப்புக்குப் போனதும் தடுமாறும். ‘கொ’ வரும்போது கொம்பு ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் என்று இன்னும் சிக்கல். எழுதும்போதே பார்த்தவருக்குத்தான் இது தெரியும். அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே போவார். நானும் என் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த வருடம் என் நான்காம் வகுப்பில் எழுத்துப்பிழை ஏன் வருகிறது என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

கேள்வி கேட்டுவிட்டு அவர் சும்மா இருப்பார். யார் பெயரையும் சொல்ல மாட்டார். கூடத்தில் இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவர் பக்கம் ஓர் அமைதி விழும். கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போகும். அப்புறம்தான் ஒரு பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுபதுகளில் வகுப்பறைகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து இதையே கணக்கிட்டிருக்கிறார் என்பதைப் பின்னாளில் ஒரு பயிற்சியில் படித்தேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பயிற்சியில் அதைத் திரையில் காட்டினார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் 3 நொடி எவ்வளவு நீளம் என்பதைத் திரையில் பார்த்தால் தெரியாது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும் ஒருவர் அதைத் தாங்கிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தது. தரையில் பாய், தாழ்வான கரும்பலகை, கற்றல் ஏணி, சின்னம் போட்ட அட்டைகள். அதைப் பற்றி ஆசிரியர் அறைகளில் எத்தனையோ வாதம் நடந்தது. நான் சொல்ல வருவது அதன் தொடக்கத்தைப் பற்றி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குப் போய், மலையடிவாரத்துச் சின்னப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து தங்கள் பள்ளிகளில் செய்து பார்த்தார்கள். ஒரு மாநிலத்தையே மாற்றிய திட்டம், சில ஆசிரியர்கள் வேறு சில ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்ததில் இருந்து பிறந்தது. அது எங்களிடம் வந்து சேர்ந்தபோது அட்டையாகவும் கையேடாகவும் வந்தது. பார்ப்பது வழியில் எங்கோ கழன்றுவிட்டது.

குறுவள மையக் கூட்டங்களும் அப்படித்தான். பல வருடங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடந்தன. பத்துப் பதினைந்து பள்ளி ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடி, எப்படிக் கற்பிப்பது என்று பேசுவோம். அன்று அந்தப் பள்ளிக்கு விடுமுறை. ஒரு பிள்ளைகூட இருக்காது. காலியான பெஞ்சுகளுக்கு நடுவே பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவோம். ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக ஒரு வழக்கம் இருக்கிறது. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுவர் ஓரமாக நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நடத்தியவர் எப்படி நடத்தினார் என்பதைவிட, பிள்ளை எந்த இடத்தில் யோசித்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதே பேச்சாக இருக்கும். பள்ளி நாளில், பிள்ளைகள் இருக்கும்போது நடப்பது. நம் கூட்டத்தை ஒரு வியாழக்கிழமை காலைக்கு மாற்றுவதில் என்ன தடை இருக்கிறது? விடுப்பில் போகும் ஆசிரியருக்குப் பதிலாள் கிடையாது என்பதுதான் தடை. அதைத் தீர்க்காமல் எத்தனை படிவம் அச்சடித்தாலும் பயனில்லை என்று நான் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்காருகிறார்கள். நல்ல பயிற்சி நூல்கள் வந்தன. கூடவே வகுப்பறையை உற்றுநோக்க அதிகாரிகளும் பயிற்றுநர்களும் அடிக்கடி வருகிறார்கள். முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பதிவேடுகளைப் புரட்டி, நான்கு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைவிட இது எவ்வளவோ மேல். வருகிறவர்களில் உண்மையான அக்கறை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் செயலியில் கேள்விகள் வரிசையாக இருக்கின்றன, நேரம் ஓடுகிறது, இணைய இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் திரையில் இருக்கும்போது, அவருக்கு முன்னாலேயே ஒரு குழந்தை ககரத்தை எழுதிவிட்டுக் கொம்பைச் செருகிக்கொண்டிருக்கிறது.

என் பள்ளியில் இப்போது நாங்கள் இரண்டு பேர். உடன் வேலை பார்க்கும் பெண் என் மகள் வயது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் அறையில் அவள், என் அறையில் நான். ஒருநாள் அவளிடம் கேட்டேன்.

“வாரத்துக்கு ஒரு பீரியட், ஒருத்தர் கிளாஸ ஒருத்தர் பாப்போமா?”

“உங்க பிள்ளைங்கள யாரு பாத்துக்குவா, டீச்சர்?”

சரியான கேள்வி. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்தால் ஓர் அறை அனாதையாகிவிடும். யோசித்து ஒரு வழி கண்டோம். அந்த ஒரு பீரியடுக்கு ஐந்து வகுப்பும் வராந்தாவில் ஒன்றாக உட்காரும். ஒருவர் ஒரு வகுப்புக்கு நடத்துவார், மற்ற பிள்ளைகளுக்கு எழுத்து வேலை, இன்னொருவர் அவர்களையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்ப்பார். சத்தம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அத்தனை மனு எழுதி வாங்கிய சுவரைத் தாண்டி, பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்ததைப் போலவே இப்போது வெளியே வந்து உட்காருகிறோம்.

ஒழுங்கு ஒன்றுதான் வைத்துக்கொண்டோம். பார்க்கிறவர் செல்பேசியும் நோட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்து, பாடம் முடியும்வரை அந்தப் பிள்ளையையே பார்க்க வேண்டும். டீச்சர் நன்றாக நடத்தினாரா என்ற பேச்சே வேண்டாம். அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். தட்டிக்கு அப்பால் நான் பார்த்ததும் அப்படித்தான். பெரிய டீச்சரைப் பார்த்தேன் என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பையனின் சிலேட்டும், நூலைப் பிரித்த அவன் விரலும்தான். அவனை விடாமல் பார்த்ததால்தான் அவர் எப்போது பேசினார், எப்போது விலகிப்போனார் என்பது எனக்குத் தெரிந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் என்ன செய்தான் என்பதையும் பார்க்க முடிந்தது. ஒரு பீரியட் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தொடர்ச்சி கிடைக்காது. நாங்கள் வாராவாரம் என்று வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

முதலில் அவள் என் வகுப்பைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணைத் தேர்ந்திருந்தாள். “நீங்க கேள்வி கேட்டதும் அவ உதடு அசையுது டீச்சர். சத்தம்தான் வரல. ரெண்டு கேள்விக்கு வாய்க்குள்ளயே சரியாச் சொல்லிட்டா” என்றாள். பலகைப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பெண் முன்வரிசைப் பையனின் தலைக்குப் பின்னால் இருக்கிறாள். அவளை அடுத்த நாளே பக்கவாட்டில் உட்கார வைத்தோம். இப்போது விடையை முதலில் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் சொல்கிறாள்.

அதற்கு அடுத்த வாரம் நான் அவள் வகுப்பில். பாடம் கழித்தல், 403இலிருந்து 168. நடுவில் சுழியம் வந்தால் பிள்ளைகள் திணறும். ஒன்றின் இடத்துக்கு வேண்டியதைப் பத்தின் இடத்தில் தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. நூறுக்குப் போய், நூறைப் பத்தாக்கி, அதில் ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். நானும் தீக்குச்சிக் கட்டுகளை வைத்து இரண்டு முறை பிரித்துக் காட்டித்தான் நடத்தி வந்தேன். பிள்ளைகளுக்கு அது நீண்ட வேலை.

அவள் பலகையில் 403 என்று எழுதி, 40ஐச் சேர்த்து ஒரு வட்டம் போட்டாள்.

“பத்துக் கட்டு மொத்தம் எத்தனை இருக்கு?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மூன்று நொடிக்கு மேலேயே இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்த பையன் விரலால் காற்றில் எதையோ எழுதினான். “நாப்பது” என்றான்.

“ஒரு கட்டப் பிரிச்சா?”

“முப்பத்தொம்பது. இங்க பதிமூணு.”

பதிமூன்றில் எட்டுப் போக ஐந்து. முப்பத்தொன்பதில் பதினாறு போக இருபத்துமூன்று. 235. சுழியத்தை அவன் கவனிக்கவே இல்லை. எங்கே படித்தாய் இதை என்று இடைவேளையில் அவளைக் கேட்டேன். படிக்கவில்லை என்றாள். போன மாதம் தன் வகுப்பில் ஒரு பெண் 40 பத்து என்று தானாகச் சொன்னதைக் கவனித்து, அதைப் பிடித்துக்கொண்டாளாம்.

மறுநாள் என் நான்காம் வகுப்புக்கு 500இலிருந்து 237ஐப் போட்டு, 50க்கு வட்டம் போட்டேன். அவளை வராந்தா வாசலில் வந்து நிற்கச் சொல்லியிருந்தேன், மூன்றாவது வரிசைப் பையன் கையைப் பார்த்துச் சொல்வதற்கு.